ஒரு டிக் – 9: பதினேழு வருஷம் போன கதை

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். பதினேழு வருஷம் நாலு மாதம் ஒழுங்காக பி.எஃப். கட்டிய ஒரு ஃபிட்டருக்கு, ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ரூபாய்கூட பென்ஷன் இல்லாமல் போனது எப்படி?

விடை திண்டிவனத்தில் இருக்கிறது. அந்த ஃபிட்டர் என் சித்தப்பா. அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி. மனைப் பத்திரம், சித்தியின் நகைக்கடன் ரசீது, யாருக்கோ எடுத்த ஜாதகம். இவற்றுக்கெல்லாம் அடியில் மஞ்சள் பூத்துப் போன ஒரு ஜெராக்ஸ். மேலே படிவம் 10சி என்று இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் சித்தப்பாவுடையது. மற்றதெல்லாம் அவர் வேலை பார்த்த கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒருவர், குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். கெட்டவர் இல்லை அவர். சொல்லப்போனால் நல்லவராக இருந்ததுதான் வினையாகிப் போனது.

2005 பிப்ரவரி. சித்தப்பா அந்தக் கம்பெனியை விட்டு வேறொன்றுக்குப் போகிறார். 1996 ஜூனில் சேர்ந்தவர். எட்டு வருஷம் எட்டு மாதம் சர்வீஸ். அக்கவுண்ட்ஸ்காரர் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அண்ணே, பத்தொம்பதும் பத்து சியும் சேத்துப் போட்டுடறேன். மொத்தமா கைக்கு வந்துடும். அங்க போயி புது நம்பர் வாங்கிக்குங்க."

"பழைய நம்பரையே அங்க மாத்திக்க முடியாதா சார்?"

"மாத்தலாம். பதிமூணாம் நம்பர் ஃபாரம் போடணும். வருஷக்கணக்குல இழுத்துடுவாங்க. எதுக்கு உங்களுக்கு அந்தத் தலைவலி?"

தலைவலி வேண்டாம் என்று சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு ஏப்ரலில் புதுக் கம்பெனி. நடுவில் பணம் வந்தது. பி.எஃப். தனியாக, பென்ஷன் கணக்கில் இருந்து 64,000 சொச்சம் தனியாக. சித்தியின் வளையல் மீண்டது. ஓட்டு வீட்டுக்கு ஒரு பக்கம் தளம் போட்டார்கள். அன்று அந்த அக்கவுண்ட்ஸ்காரர் எங்கள் குடும்பத்துக்குத் தெய்வம்.

இந்த 10சி-யில் ஒரு விசித்திரம் உண்டு. பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு கணக்கை முடிப்பதற்கும் இதே படிவம்தான். எடுக்காமல், 'இவர் இத்தனை வருஷம் சர்வீஸ் செய்திருக்கிறார்' என்று ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனியில் கொடுத்து அந்த வருஷங்களைச் சேர்த்துக்கொள்வதற்கும் இதே படிவம்தான். எது வேண்டும் என்று ஓரிடத்தில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். குண்டு எழுத்துக்காரர் பணத்துக்கு நேரே டிக் அடித்திருக்கிறார். ஸ்கீம் சர்டிபிகேட் என்று ஒன்று இருப்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

புதுக் கம்பெனியில் 2013 டிசம்பர் வரை இருந்தார். அங்கும் எட்டு வருஷம் எட்டு மாதம்! கடவுளுக்கு என்ன கணக்கோ. ஐம்பத்தெட்டு முடிந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்கப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணுங்க. உங்களுக்கு முழுசாக்கிப் பாத்தாலும் ஒம்பதுதான் வருது. 10சி போட்டுப் பணமா எடுத்துக்குங்க."

மறுபடியும் அதே 10சி. இந்த முறை 60,000 சொச்சம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தத் திட்டத்தில் சூத்திரம் எளிது: பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். அப்போது சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். இரண்டு கம்பெனியையும் சேர்த்தால் பதினேழு வருஷம். 6,500 பெருக்கல் 17 வகுத்தல் 70. மாதம் 1,578 ரூபாய். ஆயுள் முழுக்க. அவருக்குப் பிறகு சித்திக்கு அதில் பாதி. 'இதென்ன பெரிய தொகை' என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். மருந்துக்கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் மகனிடம் கை நீட்டாமல் இருப்பதற்கான தொகை அது. இரண்டு தவணையாக அவர் வாங்கிய ஒன்றேகால் லட்சத்தை ஏழு வருஷ பென்ஷன் தாண்டிவிடும். வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். சித்தப்பா இன்னும் திடமாக இருக்கிறார், தினமும் சைக்கிள் மிதிக்கிறார்.

இது டிக் போட்டதால் போன பென்ஷன். டிக் போடாததால் போன பென்ஷன் இதைவிடப் பெரிய கதை. அதற்கு 1996-க்குப் போக வேண்டும்.

*

தொடரைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. 1952-இல் பி.எஃப். சட்டம் வந்தது. 1971 மார்ச்சில் குடும்ப ஓய்வூதியத் திட்டம். அதில் தொழிலாளி இறந்தால்தான் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். உயிரோடு ஓய்வு பெற்றவருக்கு மாதாந்திரம் எதுவும் கிடையாது. 1995 நவம்பர் 16-இல் அதை மூடிவிட்டு 'தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995' வந்தது. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கில் 8.33 சதவீதத்தைப் பிரித்துப் பென்ஷன் நிதிக்கு எடுத்துக்கொள்வார்கள். மத்திய அரசு 1.16 சதவீதம் போடும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் ஐம்பத்தெட்டில் இருந்து பென்ஷன்.

முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதம் பிடித்தார்களா? இல்லை. உச்சவரம்பு வரைக்கும்தான். தொடக்கத்தில் 5,000 ரூபாய், 2001 ஜூனில் இருந்து 6,500. ஆக, மாதம் இருபதாயிரம் வாங்கிய மேலாளருக்கும் ஏழாயிரம் வாங்கிய ஃபிட்டருக்கும் பென்ஷன் நிதிக்குப் போனது அதே 541 ரூபாய். முப்பத்தைந்து வருஷம் உழைத்தாலும் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் பென்ஷன் வராது.

திட்டம் வந்து நாலு மாதத்தில், 1996 மார்ச் 16 முதல், 11(3) என்ற பத்திக்குக் கீழே ஒரு வரம்புரை சேர்ந்தது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து விருப்பம் தெரிவித்தால், உச்சவரம்பைத் தாண்டிய முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதத்தைப் பென்ஷன் நிதிக்குக் கட்டலாம். பென்ஷனும் முழுச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும்.

இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் போதும். அது இருந்தால் பென்ஷன் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆகும். யார் போட்டார்கள்? விரல் விட்டு எண்ணலாம். அரசிதழில் வந்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் தெரியும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஆலையிலாவது நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டியிருந்தார்கள் என்று சொல்ல எனக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை.

மோசமான ஆலோசனை என்றால் யாராவது வாயைத் திறந்து தப்பாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். நம் ஊரில் பெரும்பாலும் அது மௌனமாகவே நடந்தது. தப்பாகச் சொன்னவர் மேல் வழக்குப் போடலாம். ஒன்றும் சொல்லாதவர் மேல்?

*

நடுவே கொஞ்சம் பஸ் ஏறி விழுப்புரம் போய் வருவோம். திண்டிவனத்தில் இருந்து முக்கால் மணி நேரம்.

விழுப்புரம் சாலாமேட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது. 1997-இல் தென்மாவட்டக் கலவரங்களை ஒட்டி மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களைக் கருணாநிதி அரசு எடுத்தபோது, 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்)' ஆனது. பஸ் நெற்றியில் எழுதியிருந்த பெயர் மாறியதைப் பற்றி டீக்கடைக்கு டீக்கடை பேசினார்கள். அடுத்த வருஷமே அந்த பஸ்ஸை ஓட்டியவரின் பென்ஷன் மாறியது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

1998 செப்டம்பர் 1 முதல் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்குத் தனி ஓய்வூதிய நிதி அறக்கட்டளை. மத்தியத் திட்டத்தின் உச்சவரம்புக் கணக்கை விட்டு வெளியே வந்து, அரசு ஊழியர் மாதிரியான பென்ஷன். சித்தப்பாவைப் போல ஆளுக்கொரு படிவத்தை வைத்துக்கொண்டு யாரும் தனியே முழிக்கவில்லை. தொழிற்சங்கம் இருந்தது, பேச்சுவார்த்தை இருந்தது, எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் மத்தியத் திட்டத்தில் இருந்த ஆலை மேலாளரைவிடக் கூடுதலாகப் பென்ஷன் வாங்கும் விநோதம் இங்கேதான் பிறந்தது.

கூட்டமாகப் போனால் கவலை தீர்ந்ததா? 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடி, பங்களிப்பு ஓய்வூதியம் என்றார்கள். முன்பே தினக்கூலியாகச் சேர்ந்து பின்னால் நிரந்தரமானவர்கள், 'நாங்கள் எந்தப் பக்கம்?' என்று உயர் நீதிமன்றப் படியேறினார்கள். ஓய்வு பெற்றவர்களின் பணப்பயன்கள் வருஷக்கணக்கில் நிலுவையில் நின்றன. 2018 ஜனவரியில் எட்டு நாள் பஸ் ஓடாமல் நின்றபோதுதான் அந்த நிலுவைக்கு 750 கோடி ரூபாய் அறிவிப்பு வந்தது. ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி உயர்வு 2015-க்குப் பிறகு நின்றே போனது. 2024 ஜனவரி 9-இல் மறுபடியும் பஸ்கள் நின்றபோது அந்த அகவிலைப்படிதான் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாலாமேட்டில் ஏமாந்தவர்களுக்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. திண்டிவனத்தில் சித்தப்பாவுக்கு அது தெரியவில்லை.

*

ஆனால் சித்தப்பாவுக்கும் ஒரு வழி இருந்தது. அவருக்குத் தெரியாமலே.

ஹரியானாவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, பி.எஃப். பணம் தாமதமாக வந்தது என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 'நாங்கள் என்ன கடையா வைத்திருக்கிறோம்?' என்பது வருங்கால வைப்பு நிதி அமைப்பின் வாதம். 1999 டிசம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம் சிவகுமார் ஜோஷி வழக்கில் தீர்ப்புச் சொன்னது: பி.எஃப். உறுப்பினர் ஒரு நுகர்வோர், ஆணையர் செய்வது சேவை, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம். 2008-இல் பவானி வழக்கில் அதையே 1995 பென்ஷன் திட்டத்துக்கும் பொருத்தியது. விழுப்புரம் நுகர்வோர் மன்றத்தின் வாசல் சித்தப்பாவுக்கும் திறந்துதான் இருந்தது.

நானே ஒருநாள் அவரை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் 10சி ஜெராக்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார்.

"சேவைக் குறை யாருடையது? பணம் கேட்டு எழுதிக் கொடுத்தீங்க, பணம் கொடுத்துட்டாங்க. பி.எஃப். ஆபீஸ் பக்கம் குறை எங்க?"

சித்தப்பா பேசவில்லை.

"சரி, அந்த அக்கவுண்ட்ஸ்காரரு உங்ககிட்ட ஃபீஸ் வாங்கினாரா?"

"சேச்சே. ஒரு டீகூட வாங்கிக்கல."

"அங்கயே போச்சு. காசு வாங்காம செஞ்ச உதவிக்கு நுகர்வோர் சட்டத்துல இடமில்லீங்க. மூணாவது, ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். இது 2005."

வெளியே வந்ததும் சித்தப்பா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அவரு அன்னைக்கு நூறு ரூவா கேட்டிருக்கலாம்டா."

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் கடல் கடந்து பாருங்கள். வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட்டில் பிரிட்டிஷ் ஸ்டீல் ஆலை. 2007-இல் நம் டாடா ஸ்டீல் வாங்கிய கோரஸ் நிறுவனத்தின் சொத்து. 2017-இல் அதன் பென்ஷன் திட்டத்தைப் பிரிக்கும் குழப்பத்தில், ஏறக்குறைய 8,000 தொழிலாளர்கள் ஆலோசகர்களின் பேச்சைக் கேட்டு, உறுதியான பென்ஷனை விட்டுவிட்டுப் பணத்தைத் தனியார் திட்டங்களுக்கு மாற்றினார்கள். அந்த ஆலோசனைகளில் கிட்டத்தட்ட பாதி பொருத்தமற்றவை என்று அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பே பிறகு கண்டது. 2023 பிப்ரவரி 28 முதல் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே முடிந்ததற்குக் காரணம், ஆலோசகர் கட்டணம் வாங்கினார், உரிமம் வைத்திருந்தார், சொன்னதை எழுத்தில் கொடுத்தார். பிடிப்பதற்கு ஒரு சட்டைக் காலர் இருந்தது. நம் அக்கவுண்ட்ஸ்காரரின் சட்டையில் காலர் இல்லை.

*

2005-ஐ மறக்க வேண்டாம். சித்தப்பா 10சி-யில் கையெழுத்துப் போட்ட அதே வருஷத்தில், இமாச்சலப் பிரதேச சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தில் ஓய்வை நெருங்கிய சில ஊழியர்கள் தங்கள் பென்ஷன் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அவர்களுடைய நிர்வாகம் உச்சவரம்பைப் பார்க்காமல் முழுச் சம்பளத்துக்கும் பன்னிரண்டு சதவீதம் பி.எஃப். கட்டியிருந்தது. ஆனால் பென்ஷன் நிதிக்குப் போனது என்னவோ அந்தச் சில நூறுதான்.

அவர்கள் எழுதிக் கொடுத்ததில் ஒரு வாக்கியம்தான் இந்தத் தொடரின் உயிர். 1996-இல் வந்த வரம்புரை தங்கள் கவனத்துக்கே வரவில்லை என்றார்கள். யாரும் சொல்லவில்லை, இப்போது தெரிந்துகொண்டோம், இப்போது விருப்பம் தெரிவிக்கிறோம்.

பி.எஃப். அலுவலகம் மறுத்தது. திட்டம் தொடங்கிய தேதியிலோ, சம்பளம் உச்சவரம்பைத் தாண்டிய தேதியிலோ விருப்பம் தந்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது. சிம்லா உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஊழியர்கள் பக்கம் நின்றார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதைக் கவிழ்த்தார்கள். வழக்கு தில்லிக்குப் போனது. பெயர்: ஆர்.சி. குப்தா எதிர் மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர்.

பதினோரு வருஷம். மனுச் செய்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்று, முடி நரைத்து, சிலர் தடியூன்றத் தொடங்கிய பிறகு, 2016 அக்டோபர் 4-ஆம் தேதி நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், பிரஃபுல்ல சி. பந்த் தீர்ப்பு எழுதினார்கள். சிறிய தீர்ப்பு. வரம்புரையில் இருக்கும் தேதி எதிலிருந்து கணக்குப் பார்ப்பது என்பதற்கானது, விருப்பம் தருவதற்கான கெடு அல்ல. முழுச் சம்பளத்துக்கும் முதலாளி பணம் கட்டியாகிவிட்டது, அதை பி.எஃப். கணக்கில் இருந்து பென்ஷன் கணக்குக்கு மாற்றி எழுதுவதுதான் மிச்சம். தொழிலாளி பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தால்? திருப்பிக் கட்டச் சொல்லுங்கள், கட்டினால் பென்ஷன் கொடுங்கள்.

திருப்பிக் கட்டலாம்! செய்தியைப் படித்துவிட்டு சித்தப்பா எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். "தம்பி, நானும் அந்த ஒன்னேகால் லட்சத்தை வட்டியோட கட்டிடறேனே. என் பதினேழு வருஷத்தை அவங்க திருப்பிக் கொடுக்கட்டும்."

என்னிடம் பதில் இல்லை. குப்தா வழக்கு பி.எஃப். பணத்தைத் திருப்பிக் கட்டுவது பற்றியது. 10சி-யில் எடுத்தது பென்ஷன் பணம். ஆனால் அவர் கேட்டது அபத்தமும் இல்லை. 1995 திட்டம் தொடங்கியபோது, அதற்கு முந்தின இரண்டு, இரண்டரை வருஷத்துக்குள் வேலையை விட்டவர்கள் எடுத்த பணத்தை வட்டியோடு கட்டி உள்ளே வர அதே திட்டம் வழி வைத்திருந்தது. அன்று திறந்த கதவு பிறகு ஏன் திறக்கவில்லை? இதை யாராவது நீதிமன்றத்தில் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

*

அதற்குள் வெளியே புயல் அடிக்கத் தொடங்கியிருந்தது. 2017 மார்ச் 23-இல் வைப்பு நிதி அமைப்பு தீர்ப்பை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. அந்த வருஷக் கடைசியில், ஹரியானா சுற்றுலாக் கழகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் பென்ஷன் 2,372 ரூபாயில் இருந்து 30,592 ரூபாய்க்கு ஏறியது நாடெங்கும் செய்தியானது. டிக் போடாத ஒரு காகிதத்தின் விலை என்ன என்று அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எத்தனை பரண்கள் குடையப்பட்டனவோ.

ஆனால் இன்னொரு முடிச்சு 2014-லேயே விழுந்திருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 22-இல் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உச்சவரம்பு 15,000 ஆகும், நல்லதுதான். ஆனால் செப்டம்பர் 1 முதல் அந்த 11(3) வரம்புரையே கிடையாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் மறுபடி போட வேண்டும். கடைசி ஒரு வருஷச் சம்பளத்தின் சராசரிக்குப் பதில் கடைசி ஐந்து வருஷச் சராசரி. மௌனத்தால் ஒருமுறை மூடிய கதவை இந்தமுறை ஆணியே அடித்தார்கள்.

2018 அக்டோபர் 12-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துச் செய்தது. 2019 ஏப்ரல் 1-இல் வைப்பு நிதி அமைப்பின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேதியைப் பார்த்துவிட்டுப் பலர் அதை நம்பவில்லை என்பது தனிக் கதை. அவர்கள் நம்பாததும் சரியாய்ப் போயிற்று. 2021 ஜனவரி 29-இல் அந்தத் தள்ளுபடியை உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. மூன்று நீதிபதிகள் அமர்வு. 2022 ஆகஸ்டில் வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைப்பு. தலைமை நீதிபதி யு.யு. லலித்துக்கு நவம்பர் 8-இல் ஓய்வு. பென்ஷன் வழக்கைக் கேட்டவரே ஓய்வு பெறும் வரிசையில் நிற்க, நாட்கள் கழிந்தன.

நவம்பர் 4, வெள்ளிக்கிழமை காலை தீர்ப்பு வந்தது. லலித், அனிருத்தா போஸ், சுதான்ஷு தூலியா. எழுதியவர் போஸ். 2014 திருத்தம் செல்லும். ஐந்து வருஷச் சராசரி செல்லும். கூடுதல் சம்பளத்துக்குத் தொழிலாளியே 1.16 சதவீதம் கட்ட வேண்டும் என்றது மட்டும் செல்லாது. 2014 செப்டம்பர் 1-இல் வேலையில் இருந்தவர்களுக்கு, முன்பு கையெழுத்துப் போடாதவர்களுக்கும் சேர்த்து, இன்னும் நாலு மாதம் அவகாசம். குப்தா தீர்ப்பின் அடிப்படை நிற்கிறது. அந்த நாலு மாதம் நீண்டு நீண்டு 2023 ஜூலை 11 வரை போனது. ஏறத்தாழ பதினேழரை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முன்பு நோட்டீஸ் போர்டில் வராத செய்தி இந்தமுறை வாட்ஸப்பில் வந்தது.

2014 செப்டம்பர் 1-க்கு முன்பே, விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வு பெற்றவர்கள்? தீர்ப்பு அவர்களைப் பற்றித் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவர்கள் உறுப்பினர்களாக இல்லாமல் போய்விட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பயன் இல்லை.

சித்தப்பாவுடன் இரண்டாவது கம்பெனியில் இருந்த ஃபோர்மேன் ஒருவர். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தம். ஓய்வு பெற்ற நாள், 2014 ஆகஸ்ட் 31.

ஒரே ஒரு நாள்.

அவர் விழுப்புரத்துக்குப் போய் அந்த வக்கீலிடம் என்ன கேட்டார், வக்கீல் தகரப் பெட்டியில் இருந்து எந்தக் காகிதத்தை எடுத்து வைக்கச் சொன்னார் என்பது அடுத்த வாரம். அதற்குள் வாசகர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் பழைய 10சி நகல் இருந்தால் எடுத்து, எந்த இடத்தில் டிக் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். 2014 ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டு கிடைத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)